கொஞ்சம் வழுக்கல் மிச்சம்

எண்ணெய்க் குளியல் நாட்களில் ஆச்சி என் முதுகில் நலங்கு மாவைப் போட்டுத் தேய்ப்பாள். எண்ணெய் முழுக்கப் போய்த் தோல் கையைப் பிடிக்கத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடுவாள். “இன்னும் வழுக்குது ஆச்சி” என்பேன். “இருக்கட்டும்ட்டீ. கொஞ்சம் வழுக்கல் மிச்சம் வையி. அது ஒந் தோலுக்குள்ளது” என்பாள்.

தென்காசியில் குளியல் பொடி அரைத்து விற்க ஆரம்பித்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஆச்சி சொன்னதை வெகுகாலம் மாவுச் சிக்கனம் என்றே நினைத்திருந்தேன். பிற்பாடு அரசு மருத்துவமனையில் ஒரு தோல் மருத்துவர் விளக்கியபோதுதான் அது உறைத்தது. மேல்தோல் செங்கல் சுவர் மாதிரி, காய்ந்து தட்டையாகிப்போன செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் சாந்து என்றார் அவர். விடாமல் தேய்க்கும்போது அழுக்கோடு சாந்தும் கரைந்து போகிறது. சாந்து போன சுவர் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; வெளியிலிருந்து எரிச்சலூட்டுவதெல்லாம் உள்ளே நுழையும். நம் தோல் லேசான புளிப்புத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5க்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரணக் கட்டிச் சோப்போ 9, 10 என்று காரம் ஏறியது. ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டு, “முகம் இழுக்குது, வெள்ளை வெள்ளையாப் பூக்குது” என்று சொல்லி வருகிறவர்களுக்கு வந்திருப்பது நோயில்லை. சாந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் என்னிடம் பொடி வாங்க வருகிறவர்களிடம் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவேன். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் வெதுவெதுப்பு. ஹீட்டர் வந்த பிறகு ஆவி பறக்கப் பறக்க அரைமணி நேரம் நிற்கிறார்கள். அது தோலைப் புழுக்கி எடுப்பதற்குச் சமம். பத்து நிமிடம் போதும். சோப்பு வேண்டிய இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, பாதம். கை கால்களுக்கு வழிந்தோடும் நுரையே போதும். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். உடம்பில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயையோ ஏதாவது ஒரு சாதாரண க்ரீமையோ மெல்லிசாகப் பூசிவிட வேண்டும். எண்ணெய் தோலுக்குள் ஈரத்தைக் கொண்டுபோவதில்லை, இருக்கிற ஈரம் ஓடிப்போகாமல் மூடி வைக்கிறது. தோல் காய்ந்த பிறகு பூசினால் மூடி வைக்க அங்கே எதுவும் இருக்காது.

எழுபது தாண்டிய ஒரு பெரியம்மா கெண்டைக்கால் அரிப்புக்குப் பொடி கேட்டு வந்தார். ராத்திரி தூக்கமில்லாமல் சொறிந்து, கால் மீன் செதில் மாதிரி வெடித்திருந்தது. அவருக்குப் பொடி கொடுக்கவில்லை. காலில் சோப்பே காட்டாதீர்கள், குளித்த ஈரத்தோடு எண்ணெய் தடவுங்கள், ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை என்று சொல்லி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டிச் சிரித்தார். பொடி விற்ற நாட்களில் கிடைத்த சந்தோஷத்தைவிட அன்றைக்குக் கிடைத்தது பெரிது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முகத்தில் பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் பூசக் கூடாது. துவாரம் அடைத்துப் பரு கூடும்.

பொடிக்கு வருகிறேன். எனக்குப் பேசிச் சலிக்காத விஷயம் இது.

ஒரு கிலோ பச்சைப்பயறு என்றால் கால் கிலோ கடலைப்பருப்பு. பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். ஆவாரம்பூவும் பன்னீர் ரோஜா இதழும் காய்ந்த கணக்கில் நூறு நூறு. ஒரு பிடி வெட்டிவேர். கஸ்தூரி மஞ்சள் ஐம்பது. பயறையும் பருப்பையும் நல்ல வெயிலில் மூன்று நாள் போடலாம். பூக்களை வெயிலில் போட்டால் நிறமும் மணமும் மாலைக்குள் போய்விடும், நிழலில்தான் உலர வேண்டும். கையில் எடுத்தால் சருகு போல நொறுங்க வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, அரைத்த பத்தாம் நாள் பூசணம் பிடிக்கும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் தூறும். அந்த மாதங்களில் நான் எதையும் உலர்த்துவதில்லை. பங்குனியில் காய வைத்ததைத்தான் தகர டின்னில் அடைத்து வைத்து ஓட்டுவேன்.

ஆவாரம்பூ ஆலங்குளம் பக்கத்துத் தரிசு நிலங்களிலிருந்து வரும். ஆவாரம்பட்டையைத்தான் அந்தக் காலத்தில் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். அந்தத் துவர்ப்பு பூவிலும் கொஞ்சம் உண்டு. அளவு கூடினால் முகம் இறுகும். நூறு கிராமுக்கு மேல் நான் போடாததற்குக் காரணம் அதுதான். வெட்டிவேரைச் சின்னதாக நறுக்காமல் மில்லுக்குக் கொண்டுபோனால் நார் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பது பல சமயம் வேறு கிழங்கு. அசல் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், கற்பூரம் கலந்த வாசனை. தோலில் மஞ்சளாக ஒட்டாது. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அரைப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், வழக்கமாகப் போகும் மில் மூடியிருந்ததால் வேறொன்றில் கொடுத்தேன். மிளகாய் அரைத்த மெஷினைத் துடைத்துவிட்டோம் என்றார்கள்; நான் நின்று பார்க்கவில்லை. மறுநாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி முகம் சிவந்து, கண் வீங்கி வந்து நின்றாள். அந்த நாலு கிலோவையும் குப்பைக்குழியில் கொட்டினேன். அன்றிலிருந்து விடியற்காலை முதல் ஆளாகப் போய், முதலில் அரைக் கிலோ பச்சரிசியை அரைத்து மெஷினைக் கழுவுகிறேன். அந்த மாவை என் கன்னத்தில் பூசிப் பத்து நிமிடம் பார்த்த பிறகுதான் என் சாமான் உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் சலிப்பேன். வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். முகத்துக்கான பொடியில் விரலுக்கு நறநறவென்று ஒரு துகள்கூடத் தட்டக் கூடாது, அது தோலைக் கீறும். சலித்து மிஞ்சும் கப்பி பாதத்துக்கு.

ஆச்சியின் கணக்கிலிருந்து ஒரே ஒரு சாமானை எடுத்துவிட்டேன். கார்போக அரிசி. நிறையப் பேருடைய பொடியில் இன்றைக்கும் அது இருக்கிறது. நடவுக்குப் போகும் ஒரு அக்கா என் பொடியைக் காலையில் பூசிக் குளித்துவிட்டு வயலில் இறங்குவார். இரண்டு வாரத்தில் கழுத்திலும் முன்னங்கையிலும் எரிச்சல், பிறகு கன்றிப்போய்க் கறுப்புத் திட்டு. நானே அவரைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். செங்கல் சுவர் கதை சொன்னவர் அவர்தான். பொடியில் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டவர், கார்போக அரிசி என்றதும் கையை உயர்த்தினார். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் வெயிலின் வேலை பல மடங்காகும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதை மருந்தாகப் பூசி, கணக்குப் பார்த்து வெயிலில் நிற்க வைப்பதும் அதே காரணத்துக்குத்தான். எலுமிச்சையிலும் அந்த இனத்துப் பொருள் உண்டு, அதனால் எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போகக் கூடாது என்றார். ஆச்சி காலத்தில் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வீட்டு நிழலில் இருந்தார்கள். தினமும் பூசிவிட்டுப் பத்து மணி வெயிலில் இறங்குகிறவர்களுக்கு அதே கணக்கு ஒத்துவராது. அந்த அக்காவின் திட்டு மங்க ஏழெட்டு மாதம் ஆனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார்.

அதனால், புதிதாக எதை வாங்கினாலும், என் பொடியாகவே இருந்தாலும், முழங்கையின் உள்பக்கம் மூன்று நாள் பூசிப் பாருங்கள். கரப்பான் கசியும் பிள்ளைகளுக்குப் பொடியே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் குழைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையை டின்னுக்குள் விடாதீர்கள், டின்னைக் குளியலறையில் வைக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் முகத்துக்குப் போதும். மற்ற நாட்களில் காலையும் ராத்திரியும் வெறும் தண்ணீரிலோ மென்மையான ஃபேஸ்வாஷிலோ கழுவினால் சரி.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் வேன் டிரைவர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுத்து, சுருக்கம் கூடியிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் புற ஊதா ஏ கதிர்களில் கணிசமான பகுதி ஊடுருவி வந்துவிடும். தோலை முதுமையாக்குவதில் வயதுக்குப் பங்கு இருப்பது போல வெயிலுக்கும் இருக்கிறது. குடையும் முழுக்கைச் சட்டையும் முதல் காவல். சன்ஸ்கிரீன் நான் விற்பதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் சொல்கிறேன். எஸ்.பி.எஃப். 30 என்று போட்டிருப்பது, சரியான அளவு பூசினால், தோலைச் சுட்டெரிக்கும் கதிர்களில் 97 சதவீதம் வரை தடுக்கும். சரியான அளவு என்பது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கியது, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. பொட்டு வைப்பது போல் தொட்டுப் பூசினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வெளியில் வேலை செய்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

பொடி வாங்க வருகிற பாதிப் பேர் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்பது, “யக்கா, இதப் போட்டா கலர் வருமா?” வராது என்பேன். வெயிலில் கறுத்தது பழைய நிறத்துக்குத் திரும்பும், பிறந்த நிறம் மாறாது. மினுமினுப்பு வேறு, வெளுப்பு வேறு. செதில் தட்டாத, ஈரம் குறையாத தோலில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்புகிறது, அதைத்தான் பளபளப்பு என்கிறோம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது எத்தனை அழகு என்பதை, ஐப்பசியில் மழை நனைத்த புளிய மரத்தைப் பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் ஒரு அம்மா கல்யாணம் நிச்சயமான மகளைக் கூட்டிவந்தார். எட்டு மாதமாக ஏதோ ஒரு வெளுப்பு க்ரீம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகியிருக்கிறது. அப்புறம் நிறுத்தினால் எரிகிறது, அதனால் நிறுத்த முடியவில்லை. கன்னத்தில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தாடையில் பூனைமுடி அடர்ந்திருந்தது. ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஸ்டீராய்டு. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடை மேசை மேல் அவை இன்னும் கை மாறுகின்றன. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பொடி கொடுக்கவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன். திடீரென்று நிறுத்தாமல் அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்கச் சொன்னேன். மேல்தோல் ஒருமுறை புதிதாக ஏறக்குறைய நாலு வாரம் ஆகும், இந்த அளவு மெலிந்தது தேற மாதக்கணக்காகும், அவசரப்படாதே என்று கையைப் பிடித்துச் சொன்னேன். கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று அம்மா அழுதார். மகள் அழவில்லை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. இந்தப் பங்குனியில் ஒருநாள் அவளாகவே வந்தாள். கன்னத்தில் சிவப்பு அநேகமாக அடங்கியிருந்தது. பொடி கேட்கவில்லை. நான் வராந்தாவில் ரோஜா இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் புரட்டினாள். பயறை அள்ள மாடிக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. படியிலேயே நின்று துப்பட்டாவை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு, பிறகு ஏறி வந்தாள்.