பூக்குழி என்னும் பெயர்

வத்தேகமவைச் சூழ்ந்த தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாத் தீமிதியைக் கண்டு வளர்ந்தவர் யாம். தழலைத் தழல் என்னாது பூ என்று வழங்குவது எம் முன்னோர் மரபு. நோன்பிருந்து குழியில் இறங்குவோரை மறுபுறத்தே ஏந்திக்கொள்ள ஊரே திரண்டு நிற்கும். ஆதலின், பெருமாள்முருகன் 2013ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நாவலுக்குப் ‘பூக்குழி’ எனப் பெயரிட்டிருந்தமை எம்மை ஈர்த்தது.

சோடாத் தொழிலை மேற்கொண்டு தோலூர் சென்ற குமரேசன், வேற்றுச் சாதிப் பெண்ணாகிய சரோஜாவைக் காதலித்து மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். வெறும் பாறைமேல் நிற்கும் குடிசையே அவள் புகுந்த வீடு. அவனுக்கோ அப்பாறை பழகிய இடம்; அவளுக்கு அடிவைக்க ஒண்ணாத கொதிநிலம். ஒரே கல் இருவர்க்கும் இருவேறாகத் தோன்றுதலை ஆசிரியர் விளக்கியுரைப்பதில்லை; வெயிலைக் காட்டுகிறார், அவ்வளவே. குமரேசனின் தாய் மாராயி, உயிரோடிருக்கும் மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டே ஒப்பாரி பாடுகிறாள். சோடாப் புட்டிக்கும் உட்பொருள் காண விழைவார் காண்க. யாம் அத்துணைத் தூரம் செல்லோம்.

எம்மை மிகவும் வருத்தியது வேறொன்று. இருவர் சாதியின் பெயரும் நாவலில் எங்கணும் இல்லை. ஊரார் ஓயாது வினவுகின்றனர், குமரேசன் மழுப்புகிறான், படிக்கும் நாமும் நம்மையறியாமல் அவ்வினாவையே வினவத் தொடங்குகிறோம். கங்காணிமார் காலத்தில் லயங்களைக்கூடச் சாதி பார்த்துப் பகுத்தனர். இன்றோ அச்சொல்லை வாய்விட்டுக் கூறுவார் அரியர். எம் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த முதியவர் ஒருவர், தேநீர் ஆறுமுன்னரே, “இந்தியாவிலே உங்களுக்கு எந்த ஊர்ப் பக்கம்?” என்றார். ஊர் அறிவதற்கு அன்று அவ்வினா என்பதை மலைநாட்டார் அனைவரும் அறிவர். யாம் விடை கூறவில்லை. அவர் மீண்டும் வரவுமில்லை.

தருமபுரியில் சாதி கடந்து மணம் புரிந்த இளவரசன் என்னும் இளைஞர் 2013 யூலையில் உயிரிழந்தார். அவருக்கே இந்நூல் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. 2023இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றதை மேடைகளில் சொல்லிப் பெருமிதம் கொள்வோர், இக்காணிக்கையையும் உடன் கூறுதல் நன்று.

இறுதியில், கருவுற்ற சரோஜா ஒளிந்திருக்கும் முட்புதருக்கு ஊரார் தீயிடுகின்றனர். அவள் நேர்ந்துகொண்ட நேர்த்தி எதுவுமில்லை. மறுபுறத்தே ஏந்துவார் எவருமில்லை. பூ என்ற சொல்லின் முழுக்கொடுமையும் ஆங்கேதான் எமக்கு விளங்கிற்று. தொலைவில் குமரேசனின் சைக்கிள் ஓசை அவளுக்குக் கேட்கிறது. அவன் வந்தெட்டினானா என்பதை ஆசிரியர் உரையாது விடுத்தார்.

நூலை எம் மகளிடம் கொடுத்துள்ளோம். அவள் இன்னும் பாறை வரையே வந்திருக்கிறாள்.