நாட்காட்டியிலிருந்து ஓவியக்கூடம் வரை

(இளம் அறிவியல், இயற்பியல் – இரண்டாம் ஆண்டு)

ஓவியக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும், அது நமக்கு உரிய இடம் அன்று என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுகிறது. உயர்ந்த சுவர்கள், மெல்லப் பேசும் மனிதர்கள். அங்கே கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேலை என்று தோன்றுகிறது. ஆனால் நாம் ஓவியக்கூடத்துக்குப் போவதற்கு நெடுங்காலம் முன்பே அது நம் வீடு தேடி வந்துவிட்டது. அதை அழைத்து வந்தது அறிவியல். இந்த உண்மையை நான் அறிந்துகொண்ட விதத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூர் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டுச் சுவரில் இருந்த ஒரே ஓவியம், மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் சிவகாசி நாட்காட்டி. தாமரையில் இலட்சுமி, இருபுறமும் யானைகள். ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்தாலும் அம்மா படத்தை மட்டும் எறியமாட்டார். நான் வரையப் பழகியது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

சென்ற ஆண்டு ஆய்வகத்தில் நிறமாலைமானியின் அளவுகோலைப் படிக்கக் கைலென்சு கொடுத்தார்கள். ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அங்கே தொங்கிய நாட்காட்டியின் மேல் அந்த லென்சை வைத்துப் பார்த்தேன். வியந்து போனேன்! தெய்வத்தின் கன்னத்தில் தோல் நிறம் என்று ஒன்றுமே இல்லை. மஞ்சள், செந்நிறம், நீலம், கறுப்பு என்று நான்கு வகைப் புள்ளிகளே இருந்தன. அவற்றைக் கலந்து முகமாக்குவது நம் கண்தான். அன்று மாலை கைப்பேசித் திரையில் ஒரு சொட்டு நீரை விட்டு, அந்த நீர்த்துளி வழியே பார்த்தேன். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றே ஒளிப்பொட்டுகள். தாளில் உள்ள மை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையோ ஒளியோடு ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம் அன்றுதான் எனக்குச் சொந்தமாயிற்று.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பாடத்துக்காக அப்பா இரண்டு ஆடுகளை விற்று வாங்கிய கைப்பேசி இதற்குத் துணை செய்தது.

ஜெர்மனியில் 1796ஆம் ஆண்டு அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டார். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே அதன் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையிட்டால், கோடுகளில் மட்டும் மை பற்றும். இன்றைய ஆப்செட் அச்சும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஓவியர் ரவி வர்மா (1848–1906) இந்த முறையைக் கொண்டு தம் ஓவியங்களை அச்சிட 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவரில் இருந்த சரசுவதியும் இலட்சுமியும் ஏழை வீட்டுக்கும் வந்தனர். அந்த வழியில் நம் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்த அவருடைய ஓவியங்கள் சிவகாசி அச்சுகளின் வழியே நாடெங்கும் பரவின. நம் வீட்டு நாட்காட்டிகள் பலவற்றுக்கு அவரே முன்னோடி.

இங்கே ஒரு செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 8-7-1939 அன்று. ரவி வர்மாவின் அச்சகம் தோன்றியதோ அதற்கு 45 ஆண்டுகள் முன்பு. கோயிற் கதவு திறக்கும் முன்பே தெய்வம் தாளில் ஏறி, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குடிசைக்குப் போய்விட்டது. இயந்திரம் சாதி கேட்பதில்லை அன்றோ?

அச்சில் கண்டதன் அசலைக் காணும் பேறு இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவில் கிடைத்தது. சென்னையில் பிர்லா கோளரங்கம் பார்த்த பின், 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஆசிரியர்கள் எங்களை அழைத்துச் சென்றனர். ஓவியப் பகுதிக்குள் நுழையும்போது, "செருப்பைக் கழற்றணுமாடி?" என்று தோழி ஒருத்தி காதோடு கேட்டாள். சிரிப்பு வந்தாலும், எனக்கும் அதே ஐயம் இருந்தது.

ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு முன் நின்றேன். இங்கே புள்ளிகள் இல்லை. அருகில் சென்றால் புடவையின் சரிகை, வெளிறிய மஞ்சள் தீற்றல் ஒன்றுதான். இரண்டடி பின்னால் வந்தால் அது மின்னுகிறது. ஒரு மனிதரின் கை எந்த இடத்தில் அழுந்தியது, எந்த இடத்தில் விரைந்தது என்பதெல்லாம் தெரிந்தது. அதை எந்த நாட்காட்டியும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னர்ச் செப்புத் திருமேனிகளின் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைக் கண்டேன். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது பழைய முறை. பிறகு மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். கல்லச்சு ஒன்றை ஆயிரமாக்குகிறது. மெழுகச்சோ ஒன்றே ஒன்றைத் தந்துவிட்டுத் தானும் அழிகிறது. இரண்டுமே தொழில்நுட்பம்தான். இன்னொரு வியப்பும் உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னை அருங்காட்சியக நடராசரைப் பற்றி உருகி எழுதினார். அவர் மறைந்த பின் 1921இல் அது வெளியாயிற்று. அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டுமே. படத்திலேயே இத்தனை கண்டவர் நேரில் நின்றிருந்தால் இன்னும் எவ்வளவு கண்டிருப்பாரோ என்று எண்ணிக்கொண்டேன்.

ஊர் திரும்பும் பேருந்தில் எனக்கு உறக்கம் வரவில்லை. நான் இதுவரை அரசிகளையும் தெய்வங்களையுமே வரைந்திருந்தேன். என் அம்மா விடியுமுன் பிறர் தோட்டத்தில் மல்லிகை பறிக்கப் போகிறவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மொட்டு மலரும் முன் பறித்து, சந்தைக்குச் சேர்க்க வேண்டும். அந்தக் காட்சியை வரைய வேண்டும் என்ற ஆசை அந்த இரவில் பிறந்தது.

மறுவாரம் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்க் கைப்பேசியில் படம் எடுத்தேன். இரவுப் படத்துக்கென அதில் ஓர் ஏற்பாடு உண்டு. பல நொடிகளின் ஒளியைச் சேர்த்து இருளைப் பகலாக்கிவிடும். படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அதில் அந்த வேளை இல்லை. உண்மையில் விளக்கொளி கைக்கும் மொட்டுக்கும் மட்டுமே எட்டும். நான்கடி தள்ளினால் செடி தெரியாது. விளக்கைச் சுமக்கும் முகமே இருளில்தான் இருக்கும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு நான்கு நாள் கண்ணால் பார்த்தேன். பின் கரிக்கோலால் தாள் முழுவதும் கறுப்பாக்கி, இரு கைகளையும் சில மொட்டுகளையும் மட்டும் அழிப்பானால் வெளியே எடுத்தேன். தொலைவு கூடக் கூட ஒளி எவ்விகிதத்தில் குறையும் என்ற விதி எனக்கு அப்போது உதவியது.

படத்தைப் பார்த்த அம்மா, "ஏத்தா, என்னையப் போயி எதுக்கு வரஞ்ச? மீனாச்சிய வரஞ்சிருந்தா சாமி கும்பிடலாம்ல?" என்றார். சற்று நேரம் கழித்துத் தம் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு, "காம்பு கிள்ளுறது அப்பிடியேதான் இருக்கு" என்றார். இதைவிடப் பெரிய பரிசு எனக்கு எந்தப் போட்டியிலும் கிடைக்கப்போவதில்லை.

நண்பர்களே! கைப்பேசி உலகின் ஓவியங்களை நம் உள்ளங்கைக்குக் கொண்டு வருகிறது. அதை நன்றியோடு ஏற்போம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். பேருந்து ஏறினால் மதுரை. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் கலைக்கூடம் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் இருக்கின்றன. சற்று அப்பால் 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் நம் முன்னோர் வனைந்த பானைகள் இருக்கின்றன. ஒருமுறை சென்று, அவற்றின் முன் அவசரமின்றி நின்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, இன்னும் யாரும் வரையாத நம் மக்களை வரையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் படைப்புகளைக் காண ஆவலோடு காத்திருக்கிறேன்.