புக்கிட் ஜாலிலில் ஒரு சிவப்புச் சட்டை

சிங்கப்பூர் அணியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் இலகு ரயிலில் ஏறலாமா, கூடாதா? மலேசியாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தனக்கென்று ஒரு பதில் வைத்திருப்பார். சிலர் மேலே ஜாக்கெட் போட்டு மூடிக்கொள்வார்கள். சிலர் பையில் சுருட்டி வைத்து அரங்கத்துக் கழிவறையில் மாற்றிக்கொள்வார்கள். நான் போட்டுக்கொண்டே ஏறுகிற கட்சி. இதில் வீரம் ஒன்றும் இல்லை. மஞ்சள் சட்டைக்காரர்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் மூன்று விரலைக் காட்டி, “இன்னிக்கி மூணு கோல், பாஸ்” என்பார். அவ்வளவுதான்.

நம் ஊரில் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று உயிரை விடுகிறவர்கள் ஏராளம். ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து இங்கிலாந்துக்குப் போய் ஓர் ஆட்டம் பார்த்துத் திரும்புகிறார்கள். குறை சொல்லவில்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அங்கே நாம் சுற்றுப்பயணிகள். கழுத்துத் துண்டு வாங்கலாம், படம் எடுக்கலாம், சொந்த அணி ரசிகர்களோடு சேர்ந்து பாடலாம். நம்மை ஏச அங்கே ஆள் கிடையாது. எதிரணியின் கோட்டைக்குள் போய் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், இங்கிருந்து வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் போதும்.

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தின் கடைசிப் பிரிவு ஆட்டம். முந்திய ஆட்டத்தில் தாய்லாந்திடம் 4-2 என்று தோற்றிருந்தோம். மலேசியாவுக்கு வெற்றி கட்டாயம். நமக்குச் சமநிலை கிடைத்தாலே அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு பிரகாசம். இப்படிப்பட்ட ஆட்டம்தான் வெளியூர் ரசிகனுக்கு மிகக் கொடுமையானது. ஜெயிக்கப் போகிறோம் என்று போகலாம், தோற்கப் போகிறோம் என்றும் போகலாம். தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று போனால் வயிற்றில் சோறு இறங்காது.

பள்ளி விடுமுறைக் காலம் ஆதலால் வியாழன் இரவே பஸ் ஏறிவிட்டேன். கடற்பாலத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. வாசகர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போகிறவர்களுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து போகும் பஸ்கள் பல தாசேக் செலாத்தான் முனையத்தில்தான் நிற்கின்றன. அங்கிருந்து ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் இலகு ரயில் ஏறினால் சுங்கை பெசி, அடுத்தது புக்கிட் ஜாலில். இரண்டே நிறுத்தம். கோலாலம்பூர் நகருக்குள் போகாமலே ஆட்டம் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடலாம்.

நான் அப்படித் திரும்புவதில்லை. பூச்சோங்கில் சின்னம்மா வீடு இருக்கிறது. சின்னம்மா மகன், என் தம்பி, மலேசிய அணிக்கு மஞ்சள் சட்டை மாட்டுகிறவன். “அண்ணே, நீங்க தோத்தாதான் நாளைக்கு எங்க வூட்டுல ரொட்டி சானாய்” என்றான். நாம் பிராட்டா என்பதை அவர்கள் ரொட்டி சானாய் என்கிறார்கள். இரு நாட்டுப் பகையின் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பழைய உறவு என்பதால்தான் இந்தச் சீண்டல். மலேசியக் கிண்ணம் மலாயாக் கிண்ணமாக 1921இல் தொடங்கியபோது முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை வென்றது சிங்கப்பூர். மொத்தம் 24 முறை அந்தக் கிண்ணம் இங்கே வந்திருக்கிறது. 1977இல் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கை 3-2 என்று வென்ற ஆட்டத்தைப் பற்றி அப்பா பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். அந்த அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. பந்தை வாழைப்பழம்போல் வளைத்து அடிக்கும் எஸ். ராஜகோபாலும் அக்காலத்து நாயகர். எதிர்ப்புறம் மலேசியாவுக்கு ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் பெயர்கள். யாருக்குக் கைதட்டுவது என்ற குழப்பம் தனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்று அப்பா சொல்வார். நான் அதை முழுதாக நம்பவில்லை.

1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலம் அரங்கத்துக்கு அப்பாவோடு பஸ்ஸில் போனபோது எனக்கு 16 வயது. பாஹாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாட் மூன்று, ஃபாண்டி அகமது ஒன்று. நெடுஞ்சாலை முழுக்கச் சிங்கப்பூர் பஸ்கள். ஓய்வுத்தளங்களில் கழிவறைக்கு நின்ற வரிசையிலேயே பாட்டு. அதோடு முடிந்தது. நுழைவுக்கட்டண வசூலைப் பங்கிடுவதில் இரு சங்கங்களுக்கும் மூண்ட தகராறில் சிங்கப்பூர் வெளியேறியது. பிறகு லயன்ஸ் 12 அணி 2012 முதல் 2015 வரை மலேசிய லீக்கில் ஆடியது. 2013இல் பட்டமும் வென்றது. அதுவும் நின்றுபோனது. ஷா ஆலம் அரங்கத்தையும் 2024இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முன்பெல்லாம் பருவம் முழுவதும் வாரந்தோறும் போய்வந்த பயணம், இன்று எப்போதாவது அட்டவணை மனது வைத்தால் கிடைக்கிறது.

புக்கிட் ஜாலிலுக்கு வருவோம். 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டிய அரங்கம். 87,000 பேருக்கு மேல் உட்காரலாம். 2017 தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்குமுன் புதுப்பித்தார்கள். வெளிச்சுவரில் விளக்குகள் ஓட, இரவில் தூரத்திலிருந்து பார்க்கத் தரையிறங்கிய கப்பல்போல இருக்கும். உள்ளே போனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை. நம் தேசிய விளையாட்டரங்கத்தில் கீழ்வரிசை இருக்கைகளை ஓடுபாதைமேல் நகர்த்திக்கொள்ளலாம். இங்கே அது முடியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் மறுமுனையில் நடப்பதைப் பக்கத்து ஊரிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் சத்தம் வேறு கதை. கூரை அதை வெளியே விடாமல் பிடித்து நம் தலைமேல் கொட்டும். அரங்கம் நிறைய வேண்டியதில்லை. பாதி நிறைந்தாலே பக்கத்து ஆளிடம் கத்திப் பேச வேண்டும்.

இந்த அரங்கத்தில்தான் 2010 டிசம்பர் 26 அன்று, தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், மலேசியா இந்தோனீசியாவை 3-0 என்று வீழ்த்தியது. பார்வையாளர்கள் லேசர் ஒளி பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றதும் அன்றுதான். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கிண்ணம் மலேசியாவுக்கே வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை.

வெள்ளி பிற்பகல் சித்தப்பா என்னைக் காரில் ஏற்றி அரங்கத்தின் பின்புறச் சாலைகளில் ஒரு சுற்று சுற்றினார். அடுக்குமாடி வீடுகள், பேரங்காடி, பூங்கா. “இங்க பூரா பால்மரம்டா” என்றார். அவர் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர் அல்லர். லாரி ஓட்டிய காலத்தில் இந்தப் பக்கம் வந்து போனவர். புக்கிட் ஜாலில் தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் இந்தத் தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. மரம் வெட்டி, பால் எடுத்து, லயத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். மரங்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் கடைசிக் குடும்பங்கள் சில அங்கேயே இருந்தன. பிறந்து வளர்ந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ள நிலம் வேண்டும் என்று கேட்டன. 2011இல் வீடுகளை இடிக்க உத்தரவு வந்தபோது அது செய்தியானது. தமிழ்ப்பள்ளி மட்டும் இன்றும் ‘புக்கிட் ஜாலில் தோட்டம்’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டம் இல்லாத தோட்டப் பள்ளி.

சுற்றுலாக் கையேடுகளில் அரங்கத்தின் கொள்ளளவு இருக்கும். இந்தச் செய்தி இருக்காது. அன்று மாலை 87,000 இருக்கைகளைப் பார்க்கும்போது ஒரு தோட்டத்தில் எத்தனை மரம் இருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பாவைக் கேட்டால் ஏக்கருக்கு இத்தனை என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

வாசலில் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விருந்தினர் பகுதிக்குத் தனி வாயில், தனிச் சோதனை. தண்ணீர்ப் புட்டியை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே சிவப்புச் சட்டைகள் ஒரு சிறு திட்டு. சுற்றிலும் மஞ்சள். இரு பக்கமும் காலி இருக்கைகளை அரண்போல விட்டு, நடுவில் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள்.

தேசிய கீதங்கள் தொடங்கின. இந்த ஆட்டத்தில் எனக்கு எப்போதும் ரோமம் சிலிர்க்கும் நேரம் இதுதான். அவர்களுடையது மலாய், நம்முடையதும் மலாய். இரு பக்கமும் அடுத்தவரின் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அடுத்து வரும் வசவுக்கும் தேவையில்லை. நடுவர் தவறிழைத்தால் “காயு” என்று கத்துவது கடற்பாலத்தின் இரு கரைக்கும் பொதுச்சொத்து. மரக்கட்டை என்று பொருள். அன்று நாங்களும் கத்தினோம், அவர்களும் கத்தினார்கள், சில சமயம் ஒரே தீர்ப்புக்கு. மலாயில் பாதி, ஹொக்கியனில் கொஞ்சம். திடீரென்று அரணுக்கு அப்பாலிருந்து சுத்தமான தமிழில் ஒரு குரல்: “டேய் சிங்கப்பூரு, பஸ்சு கெளம்பிருச்சு, ஓடுங்கடா!” எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து அதே தமிழில் பதில் சொன்னார். அதை இங்கே அச்சிட முடியாது. இரு பக்கமும் சிரித்தது.

வெளிநாட்டு அரங்கத்தில் ஏச்சு காற்றோடு போய்விடும். இங்கே ஒவ்வொரு சொல்லும் புரியும். அதனால் வலியும் கூடுதல், வேடிக்கையும் கூடுதல்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோல் விழவில்லை. இஸ்வான் மஹ்பூட் கோலைக் காத்தார். மற்றவர்கள் இஸ்வானைக் காத்தார்கள். அழகான ஆட்டம் என்று சொன்னால் பொய். இரண்டாம் பாதியில் நான் ஆட்டத்தைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் என் பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, “முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விசில் ஊதியபோது அந்தப் பெரிய அரங்கத்தில் எங்கள் சிறு திட்டின் சத்தம் மட்டும்தான் கேட்டது. 0-0. அரையிறுதிக்குப் போய்விட்டோம்.

உடனே வெளியே விடமாட்டார்கள். உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை விருந்தினர் பகுதி அடைபட்டிருக்கும். காலி இருக்கைகளைப் பார்த்தபடி காத்திருந்தோம். கைப்பேசியில் தம்பியிடமிருந்து ஒரே சொல்: “காயு.”

எங்களுக்கு நேர் எதிரே, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி ஓர் இளைஞர் நின்றிருந்தார். மஞ்சள் மேலங்கி போட்ட பாதுகாப்பு ஊழியர். கூட்டத்தைக் கண்காணிப்பதுதான் அவர் வேலை. திரும்பிப் பார்க்கக் கூடாது. தொண்ணூறு நிமிடமும் அவர் பார்த்தது எங்கள் முகங்களை மட்டும்தான். கூட்டம் குறைந்ததும் மெல்ல அருகில் வந்தார்.

“அண்ணே, தமிழா?”

“ஆமா தம்பி.”

“கடைசியில எல்லாரும் கத்துனாங்களே, நீங்ககூடத் தலையில கைய வெச்சீங்களே, என்னாண்ணே நடந்துச்சு?”

இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் தலையால் முட்டினார்கள், இஸ்வான் எங்கே நின்றார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினேன். அவர் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி, வெறுமையாகக் கிடந்த அந்தக் கோல் கம்பத்தைப் பார்த்தார்.