கிப்லாப் பக்கத்துக் கண்ணாடி

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. நாட்டில் எரிபொருள் இல்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்கள் அவை. ரமழானுக்குச் சில தினங்களே இருந்தன. கொட்டாஞ்சேனையில் நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவின் மேல்மாடியில், அஸருக்குப் பின் ஹிப்ளு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். முதல் நாள் மனனம் செய்த பக்கத்தை ஒப்புவிக்க முடியாமல் தடுமாறினான். கண்கள் சொருகின. பாடத்தில் கவனமில்லை என்று கண்டித்து, சுவரோரம் எழுந்து நிற்கச் சொன்னேன். சற்று நேரத்தில் அவன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். கீழே கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் தெளித்து, இளநீர் கொடுத்து, கால்மணி நேரம் வைத்திருந்த பிறகு பிள்ளை தெளிந்து சிரித்தான். காய்ச்சல் ஒன்றும் இல்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு தனியாக மேல்மாடிக்குப் போனேன். சூரியன் மறைந்துவிட்டது. ஆனாலும் தலைக்கு மேலிருந்து யாரோ இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருப்பது போல இருந்தது. அந்த அறையில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றேனும் இல்லை. கிப்லாப் பக்கம் முழுவதும் பெரிய கண்ணாடி. ஏசி ஓடும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட அறை அது. கரண்ட் போனால் அது ஓர் அடைத்த பெட்டி.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கும் ஏசிக்கும் மிம்பரில் நின்று வசூல் செய்தவனே நான்தான்.

சில மாதங்களுக்குப் பின், ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஸலாம் சொல்ல வந்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கட்டடங்களின் சக்திப் பாவனை பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார்.

“கட்டடத்துக்கு என்ன மகன் சக்தி? அது சும்மா நிற்கிறதுதானே?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கணினிக்குள் ஒரு கட்டடத்தைக் கட்டுவார்களாம். எந்தச் சுவர் எந்தத் திசை, எத்தனை அங்குலம், கல்லா கொங்கிரீட்டா, ஜன்னல் எவ்வளவு, உள்ளே எத்தனை பேர் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்று எல்லாவற்றையும் கொடுப்பார்களாம். பிறகு அந்த ஊரின் வெயில், காற்று, ஈரப்பதன் ஆகியவற்றை மணிக்கு மணி கொடுப்பார்கள். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள். ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு சூடு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, மீதி எங்கே தங்குகிறது என்று கணினி கணக்குப் பார்க்கும். கட்டுவதற்கு முன்பே குறையைக் கண்டுவிடலாம். கட்டி முடித்ததற்கும் பரிகாரம் தேடலாம்.

“1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினவே, ஹஸ்ரத்? அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சி வேகம் பிடித்தது” என்றார். இன்று அதிகம் பாவிக்கப்படும் எனர்ஜிபிளஸ் என்ற கணினி நிரலை அமெரிக்க அரசின் சக்தித் திணைக்களம் 2001 முதல் இலவசமாகவே தருகிறதாம். எங்கள் மத்ரஸாவையே ஓர் உதாரணமாக எடுத்துப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். அந்தச் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. நிர்வாக சபையிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

மூன்று வாரம் மேல்மாடியில் சிறிய வெப்பமானிகளைத் தொங்கவிட்டார். ஒருநாள் கையில் கடதாசியோடு வந்து, “ஹஸ்ரத், கணினி சொல்வதும் வெப்பமானி சொல்வதும் ஒத்துப்போகவில்லை. உண்மையில் இங்கே எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள்?” என்று கேட்டார். காரியாலயம் கொடுத்த பட்டியலில் 20 பேர். அஸருக்குப் பிறகு இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பதால் 45 பேர் இருந்தார்கள். வரைபடத்தில் திறக்கும் ஜன்னல்கள் இருந்தன. கட்டும்போது அவற்றை அடைத்துவிட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட்ஸ் சூட்டை வெளிவிடுமாம். ஜும்ஆவுக்கு 500 பேர் கூடினால் 50 கிலோவாட்ஸ். சனத்தொகையைப் பிழையாகக் கொடுத்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

எனக்கு ஹதீஸ் கலைப் பாடம் நினைவுக்கு வந்தது. அறிவிப்பாளர் பலவீனமானவராக இருந்தால், வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஆதாரமாகக் கொள்ளத் தயங்குகிறோம். கணினி சொல்லிவிட்டது என்பதற்காக இந்தப் பிள்ளையும் நம்பிவிடவில்லை. செய்தி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். தரவுகளைத் திருத்திய பிறகு கணினியும் வெப்பமானியும் நெருங்கி வந்தன.

முடிவை விளக்க வந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். “ஹஸ்ரத், அஸர் வக்தை நிழலால் கணக்கிடுவதை நீங்கள்தானே எங்களுக்குப் படித்துத் தந்தீர்கள்? உச்சிப்பொழுது நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பீர்கள். கொழும்பில் அந்த நிழலே இல்லாத நாட்கள் எவை?”

ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும். நட்ட கம்புக்கு அந்நேரம் நிழல் இராது. இருபது வருடமாக நான் படித்துக்கொடுக்கும் பாடம் அது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை மட்டும் நான் ஒருநாளும் எடுத்ததில்லை. வருடம் முழுவதும் சூரியன் தலைக்கு மேலேயே சுற்றும் நம் போன்ற நாட்டில், அதிக வெயிலை வாங்குவது சுவரல்ல, கூரை. தட்டையான கொங்கிரீட் சிலெப் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, மாலையிலும் இரவிலும் கீழே இறக்குகிறது. எங்கள் சிலெப்பின் அடிப்பக்கம் மஃரிபுக்குப் பிறகும் மனித உடம்பை விடச் சூடாக இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத் தடுக்காது; சூடான காற்றைச் சுற்றிவிட மட்டுமே செய்யும்.

இரண்டாவது குற்றவாளி கண்ணாடி. கொழும்பில் நமது கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. ஜூன் மாதப் பிற்பகுதியில் அஸர் முதல் மஃரிப் வரை சூரியன் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே நின்று இறங்குகிறது. அதாவது நாம் எந்தச் சுவரை நோக்கித் தொழுகிறோமோ, அதே சுவர்தான் பின்னேர வெயிலை முழுதாக வாங்குகிறது. அதில் கண்ணாடி போட்டால் வெயில் உள்ளே வந்து தரையையும் பாயையும் சூடாக்கும். அந்தச் சூடு திரும்பிப் போக வழியிராது.

அந்த வெள்ளிக்கிழமை ஸூரத்துல் கஹ்ஃப் ஓதிக்கொண்டிருந்தேன். குகைவாசிகள் உறங்கிய இடத்தை அல்லாஹ் விவரிக்கும் வசனம் வந்தது. சூரியன் உதிக்கும்போது அவர்களின் குகையை விட்டு வலப்புறம் சாய்ந்து போவதையும், மறையும்போது இடப்புறம் கடந்து போவதையும், அவர்கள் விசாலமான இடத்தில் இருந்ததையும் அங்கே சொல்கிறான். அது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்றும் சொல்லிவிடுகிறான். இன்றைய ஆராய்ச்சியை அந்த வசனத்துக்குள் திணிக்க நான் வரவில்லை. ஆனால் கிதாபை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உறங்கும் அடியார்கள் மீது வெயில் படாமல் றப்பு காத்தான். அவனுடைய வேதத்தை விழித்திருந்து ஓதும் பிள்ளைகளை நாங்கள் வெயிலுக்கு நேரே உட்கார வைத்தோம்.

மாணவர் கணினியில் மூன்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். இன்னும் பெரிய ஏசி பூட்டுவது முதல் வழி. சூடு வருவது வந்துகொண்டே இருக்கும். கட்டணமும் கூடவே ஏறும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னல்களைத் திறப்பது மட்டும் இரண்டாவது வழி. அது உதவும், ஆனால் போதாது. சிலெப்பின் மேல் வெப்பம் கடத்தாத படை ஒன்று வைத்து, வெளிநிறத்தை வெள்ளையாக்கி, கண்ணாடிக்கு வெளியே மறைப்புக் கட்டி, எதிரெதிரே ஜன்னல்களும் திறப்பது மூன்றாவது. அதில்தான் பிள்ளைகள் ஏசி இல்லாமல் உட்காரக்கூடிய மணித்தியாலங்கள் மிக அதிகமாக வந்தன.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மொரட்டுவையில் பேராசிரியர் ஜயசிங்கவும் அவரது சகாக்களும் கூரையின் திசை, பொருள், நிறம் ஆகியவை வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எப்படி மாற்றுகின்றன என்று 2003இலேயே எழுதியிருக்கிறார்கள். வெப்பத்தடுப்புப் படை வைத்த சிலெப்புகளைப் பற்றி ஹல்வதுரவும் ஜயசிங்கவும் 2008இல் வெளியிட்டார்கள். சவூதி அரேபியாவின் தஹ்ரானிலுள்ள மன்னர் ஃபஹ்த் பல்கலைக்கழகத்தார் பள்ளிவாசல்களையே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளி ஒரு விசித்திரமான கட்டடம்: ஜும்ஆவுக்கு நிரம்பும், மற்ற வக்துகளுக்கு ஓரிரண்டு ஸஃப்புதான். இரண்டு ஸஃப்புக்காக முழு மண்டபத்தையும் குளிராக்குவது வீண்விரயம் அல்லவா?

நிர்வாக சபையில் விடயத்தை வைத்தேன். எதிர்ப்பு வந்தது. “மௌலவி, கண்ணாடிய மறச்சா சல்லி தந்தவங்க என்ன நெனப்பாங்க? பேரும் அதுலதானே எழுதியிருக்கு?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வக்ஃபு செய்தவரின் எண்ணத்தை மதிக்க வேண்டும் என்று நானே பலமுறை சொன்னவன்.

நன்கொடை கொடுத்தவர் வபாத்தாகிவிட்டார். அவருடைய மகளாரின் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்தச் சிறுவன் சரிந்து விழுந்ததையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வாப்பாக்கு நன்மை போய்ச் சேரத்தான் நாங்க குடுத்த. புள்ளைகளுக்குச் சூடு போய்ச் சேரவா குடுத்த? மறைங்க, மௌலவி” என்றார். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இன்று அந்தக் கண்ணாடிக்கு வெளியே காற்று நுழையும் இடைவெளி விட்ட மறைப்பு நிற்கிறது. ஜன்னலுக்கு மேலே சிறிய தாழ்வாரம் மட்டும் வைத்தால் லுஹர் வெயிலைத் தடுக்கும்; தாழ்ந்து வரும் அஸர் வெயிலைத் தடுக்காது என்பதால் நிமிர்ந்த மறைப்பு. கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல்கள் திறந்தன. சிலெப்பில் பாதிக்குத்தான் படை வைக்கப் பணம் போதுமாக இருந்தது. மற்றப் பாதிக்கு வெள்ளைப் பூச்சு மட்டும். அந்தப் பாதியின் கீழே உட்காரும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிகிறது. இடம் பிடிக்க எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். மீதி வேலை இன்ஷா அல்லாஹ் நடக்க வேண்டும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. இடம் போதாமல் நாமெல்லாம் மேலே மேலே கட்டுகிறோம். கட்டிவிட்டு, வயதான உம்மாவையோ வாப்பாவையோ சிலெப்புக்கு நேர் கீழே உள்ள அறையில் படுக்க வைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் உம்மா இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதை வயோதிபம் என்றே நினைத்திருந்தேன். கீழறைக்கு மாற்றிய பிறகு அவர் தஹஜ்ஜுத் வரை உறங்குகிறார். மாற்ற இடமில்லாதவர்கள் கூரையை வெள்ளையாக்குங்கள். மேற்குச் சுவருக்கு ஒரு மரமோ கொடியோ மறைப்போ கொடுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கடற்காற்று இன்னும் வருகிறது; அலுமாரியை ஜன்னலுக்குக் குறுக்கே வைத்து அதை மறிக்காதீர்கள்.

கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தாமதித்துக் குளிர்ந்த வேளையில் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். இபாதத்துக்கே வெப்பத்தைக் கவனித்த மார்க்கம் நம்முடையது. அந்த ஹதீஸை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்த நான், என் வகுப்பறையின் வெப்பத்தைக் கவனிக்கவில்லை.

அந்தச் சிறுவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. ஹிப்ளை முடிக்கச் சில ஜுஸ்உகளே பாக்கி. மறைப்புக் கட்டி முடிந்த அன்று அவனைத் தனியே கூப்பிட்டு, “அன்றைக்கு உன்னை நிற்கச் சொன்னது என் பிழை மகன், மன்னித்துக்கொள்” என்றேன். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. “எப்ப ஹஸ்ரத்?” என்று கேட்டான். பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அல்லாஹ்விடம் எழுதப்பட்டிருக்கும். அவன் என்னை மன்னிப்பானாக.