கரைப்பானும் கறையும்

அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். 1960களில் துரையின் பங்களாவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த அவருக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று, வேட்டைத் துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பதாகும். அவர் ஒருபோதும் சுட்டவரல்லர். எனினும் துப்பாக்கிக் குழலை அவரளவு அறிந்தவர் அத்தோட்டத்தில் இல்லை எனலாம்.

அவ்வறிவு இலகுவிற் கிட்டியதன்று. முதன்முறை அவர் குழலினுள் எண்ணெயை நிறையத் தடவி, துணியாற் துடைத்து, பளபளப்பைக் கண்டு மனநிறைவு கொண்டார். சில நாட்களில் உட்புறத்திற் செந்துரு ஏறியது. அம்மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. பிழை யாதென்பதைப் பங்களாவின் முதிய அப்புவே விளக்கினார்: “உப்பு எண்ணெயில கரையுமா, தம்பி? முதல்ல சுடுதண்ணிய ஊத்து.”

அவ்வொரு வார்த்தையில் ஓர் இரசாயனப் பாடமே அடங்கியிருந்தது. மலைநாட்டிலே தேயிலைக்கு முன்னரே துப்பாக்கி வந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவில் அடக்கஞ் செய்யப்பட்டார். சாமுவேல் பேக்கர் 1848இல் அந்நகரிற் குடியேறினார். அவர்கள் காலத்துக் கருமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. அது எரிந்தபின் எஞ்சும் பொற்றாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை, நீரிற் கரைபவை. புகையற்ற மருந்து வந்தபின்னரும் இத்தொல்லை தீரவில்லை. பழைய இராணுவத் தோட்டாக்களில் முதற்பொறியை எழுப்பிய கலவை, கறியுப்பின் இனத்ததாகிய பொற்றாசியங் குளோரைட்டைக் குழலில் விட்டுச் சென்றது. பிரித்தானியப் படையினர் குழலினுள் கொதிநீர் ஊற்றியமைக்குக் காரணம் இதுவே. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் மூடுபனியிலோ, கழுவாத குழல் வெகுவிரைவிற் துருவேறிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கறைக்கும் அதற்குரிய கரைப்பான் வேண்டும். உப்புக்கு வெந்நீர், மருந்துக் கரிக்கு மண்ணெண்ணெய், செப்புறை பூண்ட குண்டுகள் விட்டுச்சென்ற செம்புக்கு அமோனியா. ஈயம் எளிதிற் கரையாது. வெண்கலத் தூரிகையாற் தேய்த்தே அகற்றவேண்டும். முதியவர் முதலிற் குழலில் தோட்டா இல்லையென்பதைப் பார்ப்பார். ஜன்னலைத் திறந்துவைத்து, குசினி அடுப்புக்கு எட்டத்திலிருந்தே வேலையைத் தொடங்குவார். அமோனியாவை நெடுநேரம் உள்ளே விடமாட்டார். ஈரம் முற்றாகப் போனபின்னரே மெல்லெண்ணெய் பூசுவார். எண்ணெய் காவலேயன்றி உப்பின் கரைப்பானன்று. கழுவாமற் பூசினால் கறையை மூடிவைக்கும் என்பதை அவர் சம்பளம் கொடுத்துக் கற்றிருந்தார்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் போனார், துப்பாக்கிகளும் போயின. 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து எழுந்த தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திற் பொலிஸார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் உயிர்துறந்தார். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியாகி முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்நாளைப் பற்றிப் பேச்செழும்போது முதியவர் சொல்வது ஒன்றே: “அன்னிக்குச் சுட்ட துவக்கையும் யாரோ தொடைச்சுத்தான் வச்சிருப்பாங்க.”

உப்புக் கரைந்திருக்கும், கரியும் போயிருக்கும். லெட்சுமணனின் பெயர் மட்டும் மலையக மக்களின் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை.