பச்சை டிக் விழுந்த பக்கம்

நெசவு, பாய், குத்துவிளக்கு என்று ஊர் ஊராகப் போய் எழுதிக்கொண்டிருந்த என்னிடம், சென்னைப் பெருங்குடியில் ஐடி கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பத்தமடைக்கும் நாச்சியார்கோவிலுக்கும் போறீங்க. பெருங்குடிக்கு ஒருநாள் வரக் கூடாதா? எங்க டாக்குமென்டேஷன் டீமும் கைத்தொழில்தான் பண்ணுது. அதுவும் நசிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

ஐடி கம்பெனி என்றால் கோடு எழுதுகிறவர், அதைச் சோதிக்கிறவர் என்று இரண்டு வகையினரைத்தான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும். மென்பொருளை எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளைக்குப் பின் எதைத் தட்டுவது, பிழைச்செய்தி வந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறவர்கள் மூன்றாவது வகை. டெக் ரைட்டர் என்பார்கள். நான் போன இடத்தில் முந்நூறு பேருக்கு நடுவே இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவரைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தார் நண்பர். அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தப் பணியாளர்; வருடா வருடம் புதுப்பித்தாக வேண்டிய வேலை.

சிவகாசிக்காரர். அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைக் கோத்து முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தே எங்கே இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். மகள் மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிக்கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய உண்டு. அப்படி ஒன்றில் காப்பி எடிட்டர். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு நடைவிதிப் பட்டியல். மேற்கோள் குறிப்பில் ஆண்டுக்குப் பின் கால்புள்ளியா, முற்றுப்புள்ளியா என்பது வரை அதில் இருக்கும். நாளுக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு, குறைந்தால் பிடித்தம். "கனவுல கூட கமா வரும் சார்" என்றார். அங்கிருந்துதான் மென்பொருள் ஆவணத்துக்கு வந்திருக்கிறார்.

வந்தவருக்குக் காத்திருந்தது பெரிய குழப்பம். இப்போதெல்லாம் ஆவணத்தைத் தனியாக வேர்டில் எழுதுவதில்லை. கோடு இருக்கும் அதே களஞ்சியத்தில் (ரிப்போ), மார்க்டவுன் கோப்புகளாக வைக்கிறார்கள். கோடு எழுதுகிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் போடுவார்கள். மார்க்டவுனை ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்டபோது அது மின்னஞ்சல் எழுதுவதுபோல இயல்பாக எழுதுவதற்கான எளிய முறை. கறாரான இலக்கணம் கிடையாது. அதனால் ஒரே கோப்பு ஒரு கருவியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தெரிந்தது. அதை ஒழுங்கு செய்யத்தான் 2014-இல் காமன்மார்க் என்ற வரையறை வந்தது. இலக்கணம் வந்தாலும் எழுதுகிறவர் பழக்கம் மாறவில்லை. பட்டியலுக்கு ஒருவர் நட்சத்திரம் போடுவார், இன்னொருவர் சிறுகோடு போடுவார். தலைப்பு எழுத்து பெரிதாகத் தெரிகிறதென்று இரண்டாம் நிலையிலிருந்து நேரே நான்காம் நிலைக்குத் தாவுவார் ஒருவர்.

"அழகுக்காகத்தானே இவ்வளவு கறார்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பக்கத்தைத் திறந்தார். நிறுவும் முறை, மொத்தம் எட்டுப் படிகள். மார்க்டவுனில் எல்லாப் படிகளுக்கும் 1 என்றே எண் போட்டு, எண்ணுகிற வேலையைக் கருவியிடம் விடும் வழக்கம் பலருக்கு உண்டு. மூன்றாம் படிக்குக் கீழே ஒரு கட்டளைப் பெட்டி. அதை உள்ளே தள்ளி வைக்காமல் இடது ஓரத்திலேயே வைத்திருந்தார் எழுதியவர். பட்டியல் அங்கே அறுந்து, நான்காம் படி திரையில் மறுபடி 1 ஆகிவிட்டது. "கஸ்டமர் சப்போர்ட்டுக்குப் போன் பண்ணி 'ஸ்டெப் டூல எர்ரர் வருது'ன்னு சொல்வார். எந்த டூன்னு ரெண்டு பக்கமும் தெரியாது. அரை மணி நேரம் போயிடும்" என்றார்.

முன்பு இதையெல்லாம் அவர் கண்ணால் பிடித்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ரிவ்யூவில் நாற்பது குறிப்பு போனால் எந்தப் பையனுக்குத்தான் கோபம் வராது? 'கமா அக்கா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உண்மையில் முக்கியமான இரண்டு குறிப்புகள் அந்த நாற்பதில் புதைந்து போயின. அதற்குப் பிறகுதான் லின்டர் வந்தது.

லின்டர் என்பது எழுதியதை ஓட்டிப் பார்க்காமலே விதிகளோடு ஒப்பிட்டு மீறல்களைச் சொல்லும் நிரல். பரம்பரை பெரியது. சி மொழி நிரல்களைச் சோதிக்க பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் எழுதிய 'லின்ட்'தான் மூத்தது. அதே ஆய்வகத்தில் ஏறக்குறைய அதே காலத்தில், ஆங்கில உரைநடையையே சோதிக்கும் நிரல்களை லோரிண்டா செர்ரி முதலானோர் எழுதினார்கள். நீண்ட வாக்கியம், தேய்ந்த சொற்றொடர் என்று அவையும் பட்டியலிட்டன. ஆக, எழுத்துக்கு லின்டர் என்பது நேற்று முளைத்தது அல்ல.

இங்கே இரண்டு கருவிகள் ஓடுகின்றன. மார்க்டவுன்லின்ட் வடிவத்தைப் பார்க்கிறது. தலைப்பு நிலை தாவினால் எம்.டி.001, கட்டளைப் பெட்டிக்கு எந்த மொழி என்று குறிப்பிடாவிட்டால் எம்.டி.040, வரிக் கடைசியில் வெற்றிடம் தொங்கினால் எம்.டி.009. கண்ணுக்கே தெரியாத வெற்றிடத்துக்கு ஏன் விதி? மார்க்டவுனில் வரி முடிவில் இரண்டு வெற்றிடம் விட்டால் அது வரியை உடைக்கும் கட்டளை. அதனால் இந்தக் கருவி இரண்டு வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளும். இவர் அந்தச் சலுகையையும் மூடிவைத்திருக்கிறார். அப்பாவின் விரல் செய்த வேலை.

இன்னொன்று ஜோசப் கேட்டோ உருவாக்கிய வேல். சொற்களைப் பார்ப்பது இது. தானாக அதற்கு அதிகம் தெரியாது. நமக்கென்று வேண்டிய விதிகளை நாம்தான் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதித் தர வேண்டும். கிட்லேப் நிறுவனம் தன் ஆவணங்களுக்கான வேல் விதிகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இவரும் அங்கே பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம்.

அவருடைய விதிக் கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. 'சிம்ப்ளி', 'ஜஸ்ட்', 'ஈஸிலி' ஆகிய சொற்களுக்குத் தடை. ஏன் என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக் கிடக்கும்போது படிக்கிறவன்கிட்ட 'சிம்ப்ளி இதைப் பண்ணு'ன்னு சொன்னா எரிச்சல் வராதா சார்? அவனுக்கு அது சிம்பிளா இருந்தா நம்ம பக்கத்துக்கே வந்திருக்க மாட்டான்." ஒரு பொத்தானுக்கு மூன்று பெயர்கள் புழங்கியதால் இரண்டை நீக்கும் விதி ஒன்று. கம்பெனி கைவிட்ட பழைய தயாரிப்புப் பெயர் எங்கே தலைகாட்டினாலும் பிடிக்கும் விதி ஒன்று. விதி மீறினால் வரும் செய்தியையும் இவரே எழுத வேண்டும். 'தவறு' என்று மட்டும் எதிலும் இல்லை. மாற்றாக என்ன எழுதலாம், ஏன் என்பது கூடவே இருக்கிறது.

வேலில் மூன்று படிநிலைகள் உண்டு: யோசனை, எச்சரிக்கை, பிழை. புதிய விதி எதையும் இவர் முதலில் யோசனையாகத்தான் விடுகிறார். நல்ல வாக்கியங்களையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று சில வாரம் பார்த்து, சரிசெய்து, பிறகே பிழையாக உயர்த்துகிறார். பிழை என்று வந்தால் பக்கம் மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மைப் பிரதியோடு சேராது. பழைய பக்கங்கள் அத்தனையிலும் ஒரே நாளில் ஓட்டியிருந்தால் ஆயிரக்கணக்கில் சிவப்பு வரி வந்து எல்லோரும் கைவிட்டிருப்பார்கள் என்பதால், மாற்றிய கோப்புகளை மட்டும் சோதிக்கும்படி அமைத்திருக்கிறார்.

இடையில் ஒரு பையன் வந்து நின்றான். "அக்கா, உங்க வேல் விடமாட்டேங்குது. ஈவினிங் ரிலீஸ்க்கா." எட்டிப் பார்த்து, "மெசேஜைப் படிச்சியா?" என்றார். படித்திருக்கவில்லை. படித்தான், போய்விட்டான். எல்லோரும் இப்படி இல்லை. வேல் அணைப்பு என்று ஒரு குறிப்பைப் பக்கத்தின் தலையில் போட்டால் கருவி அந்தப் பக்கத்தைத் தொடாது. அவசரக்காரர்களின் கொல்லைப்புற வாசல் அது. அதையும் இவர் தேடிப் பார்த்துவிடுகிறார். ஒரே விதிக்காகப் பலர் அந்த வாசலைப் பயன்படுத்தினால் ஆட்களைத் திட்டுவதில்லை, விதியைத்தான் திருத்துகிறார். வரிக்கு எண்பது எழுத்து என்ற மார்க்டவுன்லின்டின் விதி அப்படித்தான் நீக்கப்பட்டது. நீளமான இணைப்பு முகவரியை எங்கே மடக்குவது?

இதெல்லாம் மாற்றத்தைப் பதிவுசெய்யும்போதும், அதாவது கமிட் செய்யும்போதும், பில்ட் ஓடும்போதும் எப்படித் தானாக இயங்குகிறது என்று இளையவர் விளக்கினார். கன்டெய்னர், பைப்லைன், கேஷ் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் தலையும் பிடிபடவில்லை, வாலும் பிடிபடவில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது கூலி விஷயம். கம்பெனி ஏஜென்சிக்கு பில் கட்டுகிறது. அதில் எவ்வளவு இவர் கைக்கு வருகிறது என்பது தெரியும். எவ்வளவு நடுவில் நிற்கிறது என்பது தெரியாது. கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து. நெசவு ஊர்களில் நூலைக் கொடுத்துச் சேலையை வாங்கிப்போகும் முதலாளியாவது நூல் என்று ஒன்றைக் கொடுக்கிறார். இங்கே ஏஜென்சி கொடுத்தது என்ன? கருவி இலவச மென்பொருள். மடிக்கணினி கம்பெனியுடையது. விதி எழுதும் அறிவு சிவகாசி அச்சகத்திலும் காப்பி எடிட்டிங் மேசையிலும் இவரே சேர்த்தது. ஆளை அனுப்பிவைத்த ஒரே காரியத்துக்காக மாதாமாதம் பங்கு! இவரை நாளை நிறுத்தினாலும் அந்தக் கோப்புறை அங்கேயே இருந்து வேலை செய்யும். இருபது வருடத் தேர்ச்சியை எழுதி வாங்கிக்கொண்டு, எழுதியவருக்குப் பிஎஃப் கூட ஒழுங்காகப் போடாத ஏற்பாட்டை நவீன நிர்வாகம் என்று அழைக்கிறோம்.

"லின்டர்தான் இருக்கே, ரைட்டர் எதுக்கு?" என்று மேலாளர் ஒருவர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக இவர் வைத்திருக்கும் பக்கத்தை எனக்கும் காட்டினார். பதிப்பு உயர்த்தும் முறை பற்றி, ஏஐயிடம் எழுதி வாங்கி ஒரு டெவலப்பர் அனுப்பியது. தலைப்புகள் ஒழுங்கு, பட்டியல் ஒழுங்கு, தடைச்சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டு கருவிகளும் பச்சை டிக் போட்டுவிட்டன. இவர் வழக்கம்போல் புதிய கணினி ஒன்றில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிப் பார்த்தார். முதலில் புதிய பதிப்பை நிறுவச் சொல்கிறது. அதற்கடுத்த படியில் தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கச் சொல்கிறது. புதிய பதிப்பு நிறுவும்போதே அட்டவணைகளின் அமைப்பை மாற்றிவிடும். மாற்றிய பிறகு எடுத்த பேக்கப்பை வைத்துப் பழைய பதிப்புக்குத் திரும்பவே முடியாது. வாடிக்கையாளர் யாராவது அப்படியே செய்திருந்தால் தரவு போயிருக்கும்.

"முன்னாடி கமாவுல போன நேரம் இப்ப இதுக்குக் கிடைக்குது. லின்டர் எனக்குக் கொடுத்தது அதைத்தான். ஆளை எடுத்துட்டா அந்த நேரம் யாருக்குக் கிடைக்கும்?" என்றார். மேலாளர் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு வருஷம் எக்ஸ்டெண்ட் பண்ணார்."

கிளம்பும் நேரத்தில் வேறொரு கோப்புறையைத் திறந்தார். இது கம்பெனியுடையது அல்ல. வீட்டில் இரவில் எழுதுவது. தமிழில் வரும் மென்பொருள் ஆவணங்களுக்கான வேல் விதிகள். முதல் விதி, 'கணிணி' என்று எழுதினால் 'கணினி' என்று திருத்தச் சொல்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், முழுச்சொல்லாக மட்டும் தேடினால் 'கணிணியில்' தப்பிவிடும். சொல் எல்லையைப் பார்க்காதே என்று விதியிலேயே சொல்லிவைக்க வேண்டும். 'ஸ்ரீ'க்கு ஒரு விதி. யூனிகோடில் 2005-இல் 'ஶ' தனியெழுத்தாகச் சேர்ந்த பின், அதை வைத்தும் ஸ-வை வைத்தும் ஸ்ரீயை இரு விதமாக எழுத முடிகிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் கண்ணால் பிடிக்க வழியில்லை. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

இந்த விதிகளைக் கட்டற்ற உரிமத்தில் பொதுவில் வைக்கப்போகிறார். ஒவ்வொரு கமிட்டிலும் அவர் பெயர் இருக்கும். எந்த ஏஜென்சியும் அதற்கு பில் போட முடியாது. இப்போதைக்குச் சில டஜன் விதிகள்தாம் இருக்கின்றன. 'முயற்சிக்கிறேன்' என்பதைப் பிழையாக்குவதா, யோசனையாக விடுவதா என்பதில் முடிவெடுக்கவில்லை. தமிழாசிரியர் யாராவது வந்து சண்டை போட்டால் நல்லது என்கிறார்.