டர்க்கி ஸ்டர்ன்ஸுக்கு ஓர் அட்டை

2024 மே மாதக் கடைசியில் வந்த செய்தி அது. கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கை மேஜர் லீக் பேஸ்பால் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் (.367) இரண்டாமிடத்துக்கு இறங்கினார், ஜாஷ் கிப்சன் (.372) முதலிடத்துக்கு வந்தார். "கிப்சன் படம் போட்ட பேஸ்பால் அட்டையை இங்கே ஒருத்தர் என்னைக்கோ அடிச்சுட்டார். வந்தீங்கன்னா காட்டறேன்" என்றார் டெட்ராய்ட் நண்பர். மிச்சிகன் போனபோது சொன்னபடி கூட்டிப்போனார்.

வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்தான் அச்சகம். நடுவில் கிளீவ்லாந்தில் செய்த சாண்ட்லர் அண்ட் பிரைஸ் இயந்திரம். நம்மூரில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்த டிரெடிலின் அதே ஜாதி. கம்ப்யூட்டரில் வரைந்த படம் எப்படி பிளாஸ்டிக் பிளேட்டாக மாறுகிறது என்று அச்சுக்காரர் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. மிதிக்கத் தொடங்கியதும் எல்லாம் புரிந்தது. வலக்கை வெற்று அட்டையை வைக்கிறது, இடக்கை அடித்ததை உருவுகிறது, நடுவே இரும்பு வாய் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை: மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. தொப்பி விளிம்பில் சிவப்பு ஒரு மயிரிழை வெளியே வந்திருந்த அட்டையை லென்ஸில் பார்த்தார். "ரிஜிஸ்டர் போச்சு." குப்பைக்கூடைக்குப் போனது.

அட்டையின் அளவு சுமார் 3.7 செ.மீ.க்கு 6.7 செ.மீ. சிகரெட் பாக்கெட்டுக்குள் நுழைவதற்காக அமைந்த அளவு. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட, சேகரிப்பாளர்கள் டி206 என்று குறிக்கும் வரிசையில் 524 அட்டைகள். அதில் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அந்த 524இல் கறுப்பு முகம் ஒன்றுகூடக் கிடையாது. இவர் அதே அளவில், அதே பாணியில் விட்டுப்போன முகங்களை அடித்துக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1930களில் ஹாம்ட்ராம்க் மைதானத்தில் நீக்ரோ லீக் அணியான டெட்ராய்ட் ஸ்டார்ஸின் ஆட்டங்களுக்குப் போனவர். அப்பா வாய் ஓயாமல் பேசிய பெயர் அந்த அணியின் டர்க்கி ஸ்டர்ன்ஸ். ஸ்டர்ன்ஸ் சீசன் முடிந்தால் கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். அது வால்டர் பிரிக்ஸின் தொழிற்சாலை. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் அந்த பிரிக்ஸ்தான் முதலாளி. ஆலையில் உழைக்க அந்தக் கை வேண்டியிருந்தது. மட்டை பிடிக்க வேண்டாம். டைகர்ஸ் அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் இறங்கியது 1958இல்தான். ஸ்டர்ன்ஸ் 1979இல் இறந்தார். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் 2000இல் சேர்த்தார்கள். "எங்கப்பா அதைப் பார்க்க இல்லை. அதான் முதல் அட்டையே இவருக்கு" என்றார்.

ஓர் அட்டை 12 டாலர். லைசென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாததால் பெரிய அணிகளின் சின்னத்தை அவர் தொடுவதில்லை. மொத்தமாக வாங்கிப் போகிறவர்களோ அட்டையைத் தரம்பிரிக்கும் கம்பெனிக்கு அனுப்பி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டி, பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மிதித்தவர் கால் வலிக்கு அதில் ஒரு காசு இல்லை. பெட்டிக்குள் போன அட்டையை யாரும் திருப்பிப் பின்பக்கம் படிப்பதும் இல்லை. அங்கேதானே பிரிக்ஸ் ஆலைக் கதை இருக்கிறது! ஆட்டக்காரனை வெளியே நிறுத்திக் காசு பார்த்தது ஒரு காலம் என்றால், அச்சடிப்பவனை வெளியே நிறுத்திக் காசு பார்ப்பது இந்தக் காலம். வாங்குகிறவர்கள் அவரிடமே வாங்கலாம். தபால் செலவுதான் கூடுதல்.

ஸ்டர்ன்ஸ் அட்டை தீர்ந்துவிட்டது. மறுபடி அடிப்பீர்களா என்று கேட்டேன்.

"பிளேட் இருக்கு. கிப்சன் வித்தாத்தான் காகிதம் வாங்க முடியும்."

நான் இரண்டு கிப்சன் வாங்கினேன்.